கரிக்கோச்சி ஓட்டிய கைகள்: மட்டக்களப்புப் பயணக் குறிப்புகள்

ஓகஸ்ட் 12, செவ்வாய். கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்பு

மாகோச் சந்தியில் பாதை கிழக்கே பிரிந்ததும் காற்றின் குணம் மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சூடும் புழுதியும் முகத்தில் அடிக்கிறது, மூடினால் வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. பெட்டி நிறையச் சனம். வடை விற்பவர் வந்து போனார், அவித்த சோளம் வந்தது, கச்சான் சுருள் வந்தது. கச்சான் ஒன்று 100 ரூபா.

எதிரில் ஏறாவூர் உம்மா ஒருவர், மகளோடு கொழும்பில் கிளினிக்குக்குப் போய்த் திரும்புகிறார். கெக்கிராவைக்குக் கிட்ட வரும்போது பார்சலை அவிழ்த்தார். இடியப்பம், கட்டைச் சம்பல், அவித்த முட்டை. "எடுங்க மகன், தனிய வாறீங்க" என்று நீட்டினார். நான் கை வைக்கும்வரை அவர் ஒரு வாய்கூட உண்ணவில்லை. எதற்குப் போகிறேன் என்று கேட்டார். பழைய கரிக்கோச்சிகள், அதாவது கரியில் ஓடிய நீராவி ரயில்கள் பற்றி ஆட்களிடம் கேட்டு எழுத என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சின்னதுல நாங்க அதுலதானே போன. ஜன்னல் கரையில இருந்தா கண்ணுக்குள்ள கரி விழும். உம்மா சீலைத் தலப்பச் சுருட்டி, வாயால ஊதி, சூடு வச்சி எடுப்பா." மகள் இந்தக் கதையை இன்றுதான் கேட்கிறாளாம்.

நான் இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் அங்கே ஒரு பழைய நீராவி ரயில்பாதையில் தொண்டனாக எஞ்சின் துடைக்கிறேன், சாம்பல் அள்ளுகிறேன், சில நாள் நெருப்புக்குக் கரி போடும் பயர்மனுக்குக் கையாளாக நிற்கிறேன். பிரித்தானிய ரயில்வே 1968 ஓகஸ்டில் நீராவியை நிறுத்தியது. அதற்கு முன்பே, 1951இல், வேல்ஸில் டாலிலின் பாதையைத் தொண்டர்கள் கையில் எடுத்துவிட்டார்கள். தொண்டர்கள் நடத்தி மீட்ட முதல் ரயில்பாதை அதுதான். பிறகு பாரி என்ற துறைமுக ஊரின் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களில் 213ஐச் சனங்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். 2008இல் டோர்னேடோ என்ற எஞ்சினைப் புதிதாகவே கட்டி முடித்தார்கள். இத்தனையும் நடந்ததற்குப் பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், வேலையை விட்டுப்போன பழைய ட்றைவர்களும் பயர்மன்களும் இருந்தார்கள், அவர்கள் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டார்கள்.

இலங்கையிலும் எஞ்சின்கள் மிஞ்சியிருக்கின்றன. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை முதல் ரயில் ஓடியது. அதன் 150ஆவது ஆண்டு நாளில், 2014இல், கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் திறந்தார்கள். தெமட்டகொட ஷெட்டில் ஓடக்கூடிய நீராவி எஞ்சின்களை வைத்திருக்கிறார்கள். பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியின் பெயர் தாங்கிய 340ஆம் இலக்க எஞ்சின் வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா ரயிலை இழுத்திருக்கிறது. ஆனால் நீராவி என்று பேச்செடுத்தால் எல்லாரும் கொழும்பையும் கண்டியையும் மலைநாட்டையும்தான் சொல்வார்கள். மட்டக்களப்புக்கு 1928இல் பாதை வந்தது. பல பத்தாண்டுகள் கரி எஞ்சின்தான் நெல்லையும் கருவாட்டையும் ஆட்களையும் இழுத்தது. அந்தக் கதையை இங்கே யாரிடம் கேட்பது? அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஹபரணை தாண்டி ரயில் ஊர்ந்தது. 2025 பெப்ரவரியில் இந்தக் காட்டில்தான் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. பெட்டியில் யாரும் தாமதத்தைப் பற்றி முணுமுணுக்கவில்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

மனம்பிட்டியில் மகாவலியின் மேல் பழைய இரும்புப் பாலம். ஒரு காலத்தில் ரயிலும் வாகனமும் இதே ஒற்றைப் பாலத்தில்தான் போயின. ரயில் வரும்போது பஸ்ஸும் லொறியும் கரையில் நின்று வழிவிடும். இப்போது வாகனங்களுக்குப் பக்கத்தில் தனிப் பாலம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல் திட்டுகளில் எருமைகள்.

மட்டக்களப்பில் இறங்கும்போது பின்னேர வெயில் சரிந்திருந்தது. கல்லடிக்கு ஆட்டோ 400 ரூபா கேட்டார், 350க்கு வந்தார். போகும் வழியில் அவராகவே நிறுத்தி, "இந்தக் கடையில கணவாய்க் கறி நல்லாயிருக்கும் அண்ணே, ராவைக்கு இங்க வாங்க" என்று காட்டிவிட்டுப் போனார். இரவு போனேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஓகஸ்ட் 13, புதன். மட்டக்களப்பு நகரம்

காலை பிட்டும் கூனிச் சம்பலும் மீன் குழம்பும் 280 ரூபா. பிளேன்டீ 40. பழைய கல்லடிப் பாலத்தால் நடந்தே நகரத்துக்குப் போனேன். 1924இல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகும் இதை வெட்டி விற்காமல், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் விட்டிருக்கிறார்கள். தூண்டில் போடுகிறவர்கள், காற்று வாங்குகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதன்மேல் இருக்கிறார்கள். பழைய இரும்பை வைத்திருக்க இதைவிட நல்ல வழி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல், சனம் கால் வைக்கிற இடத்தில் விட்டுவிடுவது.

ஸ்டேசனில் தண்டவாளம் முடிகிற இடம்வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடமையில் இருந்த இளைஞர் கதிரை போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணீர் வரவழைத்தார். நீராவி எஞ்சினை அவர் படத்தில்தான் கண்டிருக்கிறார். "ஆனா அண்ணே, எங்கட பென்சன் ஐயா ஒராள் இருக்கிறார், பயர்மனா இருந்தவர். போன் எடுத்துப் பாக்கவா?" என்றார். அந்த ஒரு அழைப்பில்தான் இந்தப் பயணமே திசை திரும்பியது.

ஐயாவின் வீடு ஸ்டேசனிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. எண்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, ஆனால் தோள் மட்டும் இன்னும் அகலம். வலது காது கேட்காது. "இடது பக்கம் இருங்க தம்பி, அந்தக் காதுதான் மிச்சம்" என்றார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளீனராகச் சேர்ந்தாராம். கிளீனர், பிறகு பயர்மன், பிறகு ட்றைவர். இங்கிலாந்திலும் இதே ஏணிதான். கொட்டன் வேஸ்ட்டை எண்ணெயில் தோய்த்து எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே படுத்துத் துடைப்பதுதான் முதல் வேலை. துடைக்கும்போது எந்த ஆணி தளர்ந்திருக்கிறது, எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். நானும் அப்படித்தான் பழகினேன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கரி போடுவதைப் பற்றிக் கேட்டேன். சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, பேரனைக் கூப்பிட்டு முற்றத்து மணல் குவியலில் கிடந்த சவளை எடுத்துவரச் சொன்னார். சுண்ணாம்புக் கட்டியால் சீமெந்துத் தரையில் ஒரு நீள் சதுரம் கீறினார். அதுதான் எஞ்சினில் கரி எரியும் அறையான பயர்பொக்ஸின் அடித்தளம். அதன் பின்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு வாசல். மணலில் ஒரு சவள் அள்ளி, இடுப்பால் திரும்பி, வாசலைத் தொடாமல் உள்ளே விட்டார். மணல் வாசலை ஒட்டிய பின்பக்க இடது மூலையில் விழுந்தது. அடுத்தது வலது மூலை.

"பின் மூலை ரெண்டும் முதல். மறுகா ஓரம். நடுவுல ஒள்ளுப்பம்தான். முன்னுக்கு மெல்லிசா இருக்கோணும். கரிய அள்ளிக் கொட்டுற இல்ல தம்பி, விசிறுற. கொட்டினா நெருப்பு மூச்சடைக்கும்."

சவளின் விளிம்பு வாசலில் பட்டால் கரி முழுதும் காலடியில் சிந்தும். ஓடுகிற எஞ்சினில், தளம் ஆடிக்கொண்டிருக்க, இரவில், நெருப்பின் வெளிச்சத்தில் கண் கூச, அந்தச் சிறு வாசலுக்குள் இப்படிக் குறி தவறாமல் விசிற வேண்டும். மணிக்கணக்காக. மருமகள் வெளியே வந்து, "மாமா, டொக்டர் என்ன சொன்னவர்?" என்று சத்தம் போட்டார். அதற்குள் இன்னும் நாலு சவள் போட்டுவிட்டார்.

புகையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு முக்கியமானது. இங்கிலாந்தில் நீராவி விழாக்களுக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வானம் மறைய கரும்புகை வேண்டும். சில இடங்களில் அவர்களுக்காகவே பச்சைக் கரியை அள்ளிப் போட்டு எழுப்பிக் காட்டுவார்கள். ஐயாவிடம் கைபேசியில் அப்படி ஒரு படத்தைக் காட்டினேன். முகம் சுளித்தார். "இது ஆர் பயர்மன்? கறுப்புப் புகை எண்டா கரி எரியாமப் போகுது. எங்களுக்கு அப்படிப் போனா ட்றைவர் திரும்பிப் பார்ப்பார், அது போதும், வெக்கமாப் போயிரும். நல்லா எரிஞ்சா மெல்லிய சாம்பல் நிறம்தான் தெரியும்."

சாப்பாட்டுக் கதையும் வந்தது. ஆங்கிலேயத் தொழிலாளிகள் சவளைக் கழுவி, நெருப்புக்குள் நீட்டி, முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிப்பார்கள், இன்றும் எங்கள் பாதையில் செய்வதுண்டு. இங்கே அதே சவளில் கருவாடு சுட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கட்டிவந்த சோறு, சவளில் சுட்ட கருவாடு, பச்சை மிளகாய். "அந்த ருசி அடுப்புல வராது" என்று அவர் சொன்னபோது மருமகளும் சிரித்துவிட்டார்.

டீசல் வந்தபோது கவலைப்பட்டீர்களா என்று கேட்டேன். 1953, 54லேயே டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கிவிட்டன. கனடாவிலிருந்து வந்தவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்கள். ரயில்வேயின் முதல் இலங்கையரான பிரதம இயந்திரப் பொறியியலாளர் ரம்பல, பிறகு பொது முகாமையாளராகி, டீசலுக்கு மாறுவதை முன்னின்று நடத்தினார். ஐயா சேர்ந்த காலத்தில் சாமான் கோச்சிகளுக்குத்தான் அதிகம் கரி எஞ்சின் மிஞ்சியிருந்ததாம்.

"கவலையா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் எண்டு சந்தோசப்பட்டம். முதுகு போகும், காது போகும், நெஞ்சுக்குள்ள கரி. அந்த வேலையத் திரும்பத் தா எண்டு ஒருத்தனும் அழமாட்டான் தம்பி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா வேலை தெரிஞ்சவன் எண்டு ஒரு மரியாதை இருந்தது" என்றார்.

நீராவியை விரும்புகிற எங்களைப் போன்றவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எஞ்சினின் அழகைப் பற்றியே பேசிப் பேசி, அதற்குள் நின்று வெந்தவர்களை விட்டுவிடுகிறோம். இங்கே ஒரு நாள் ஒரு விழா நடந்தால், முதல் வரிசைக் கதிரை இவர்களுக்குத்தான். ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

ஓகஸ்ட் 14, வியாழன். வாழைச்சேனை, கல்குடா

பஸ்ஸில் வாழைச்சேனை. வெயில் காலை ஒன்பதுக்கே சுட்டது. கச்சான் காற்று, இந்தக் காலத்து வறண்ட தென்மேல் காற்று, வீதி மணலைக் கிளப்பிக் கண்ணில் போட்டது.

கடதாசி ஆலையை வெளியிலிருந்து பார்த்தேன். 1956இல் தொடங்கிய ஆலை, வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். ஈரக் கடதாசியை உலர்த்தவும் கூழை வேகவைக்கவும் நீராவி வேண்டும். ரயிலில் நீராவி நின்றபிறகும் இந்த வட்டாரத்தில் அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே சம்பளம் கிடைத்திருக்கிறது. தேத்தண்ணீர்க் கடையில் இருந்த பெரியவர் தன் மைத்துனர் அங்கே நீராவி உண்டாக்கும் பொயிலரில் நின்றதைச் சொன்னார். மைத்துனர் இப்போது இல்லை. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

கல்குடா ஸ்டேசன் பக்கம் நடந்தேன், பிறகு பாசிக்குடாக் கடலில் காலை நனைத்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரமும் போகலாம். மதியச் சோறு, சூரை மீன் குழம்பு, பருப்பு, வல்லாரைச் சம்பல், 400 ரூபா.

திரும்பும்போது எருமைத் தயிர் ஒரு சட்டி 450 ரூபாவுக்கு வாங்கினேன். ஐயா வீட்டுக்கு. பஸ் ஒரு மாட்டுக்காக அடித்து நிறுத்தியதில் சட்டி பைக்குள் உடைந்தது. பைக்குள்தான் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. நேற்றைய குரல் முழுவதும் அதில். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட் அக்கா ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் எடுத்துத் தந்தார். கொண்டக்டர் பழைய பேப்பர் கொண்டுவந்து பையை விரித்துக் காயவைத்தார். பின் சீட்டில் இருந்த பையன், "அண்ணே, பற்றரியக் கழட்டுங்க முதல்" என்று பறித்து, தானே கழற்றித் துடைத்துத் தந்தான். பஸ் முழுக்கத் தயிர் வாசம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அறைக்கு வந்து, காற்றாடிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வைத்து, போட்டுப் பார்த்தேன். ஐயா பேசினார். உடனேயே மடிக்கணினிக்கு மாற்றினேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி. கல்முனை வழியாகச் சம்மாந்துறை

தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் இல்லை, கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பஸ். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை. ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாக நீள்கிற பாதை. கல்முனையில் இறங்கும்போது ஜும்ஆ நேரம் நெருங்கிவிட்டதால் சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு முதலாளி பாதி இழுத்த கதவுக்கு வெளியே எட்டி, "பசியா தம்பி?" என்று கேட்டு, இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். காசு வேண்டாம், பிறகு வந்து தா என்று விட்டார். பின்னேரம் திரும்பி வந்து 200 ரூபா கொடுத்தேன்.

காரைதீவு தாண்டிச் சம்மாந்துறைப் பக்கம் திரும்பியதும் சிறுபோக அறுவடை. வயல்களில் வெட்டு மெசின்கள், வீதியோரம் படங்கு விரித்து நெல் காய்கிறது. இங்கிலாந்துத் திருவிழாக்களில், 1969இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த டோர்செட் விழா போன்ற பெரிய கூட்டங்களில், நீராவி இழுவை எஞ்சினால் சூடடித்துக் காட்டுவார்கள். பட்டை மாட்டிச் சக்கரம் சுழலும், வைக்கோல் பறக்கும், பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று பார்ப்பார்கள். இங்கே களவெட்டியில் எருமை பூட்டிச் சூடு மிதித்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் ஒருவர் பதிய வேண்டும்.

நான் தேடிவந்தது அரிசி ஆலை ஒன்றை. நண்பரின் நண்பர் வழியாக ஒழுங்கு செய்தது. ஆலைக்குள் நுழையும் முன்பே புழுங்கல் வாசம் வந்துவிட்டது, அவித்த நெல்லின் அந்தக் கனத்த, இனிப்புக் கலந்த வாசம். ஊறிய நெல் தொட்டிகளுக்குள் குழாய் வழியாக நீராவி இறங்குகிறது. அதைத் தருவது மூலையில் படுத்திருக்கும் பழைய பொயிலர். எரிப்பது உமி. நெல்லின் தோலே நெல்லை அவிக்கிறது, வெளியிலிருந்து ஒரு விறகும் வாங்குவதில்லை.

பொயிலர்க்காரர் நாற்பது வயதுக்குக் கிட்ட. நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டேன், அவர் என்னைச் சேர் என்றார், அரை மணி நேரத்தில் அது தம்பியாக மாறிவிட்டது. மச்சானிடம் பழகிய வேலை, பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. நான் கேட்காமலே அவர் ஒன்று செய்தார். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் அடிக் குழாயைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீரைச் சீறவிட்டார். பிறகு மூடினார். தண்ணீர் சட்டென்று ஏறிப் பழைய இடத்தில் நின்றது. தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ரயில்பாதையில் ஒவ்வொரு நாளும் எஞ்சினில் ஏறியதும் முதலில் செய்வது இதுதான். தண்ணீர் மெதுவாக ஏறினால் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்த கண்ணாடி பொய் சொல்லும், அதை நம்பினால் பொயிலரில் தண்ணீர் இறங்குவது தெரியாது. ரயில் எஞ்சினில் பயர்பொக்ஸின் கூரையில் ஈயம் வைத்த ஒரு ஆணி இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே போனால் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் சீறி எச்சரிக்கும். புதன்கிழமை ஐயா சொன்னார், "ஈயம் உருகினா வேலை போச்சு எண்டு நினைச்சுக்கொள்ளுங்க." நானாவிடம் இதைச் சொன்னேன். "ஈயம் வேணாம் தம்பி, சத்தத்துலயே தெரியும். தண்ணி குறைஞ்சா அது வேற மாதிரிப் பேசும்" என்றார். ஆனாலும் ஆணி எங்கே இருக்கும், எப்படி மாற்றுவீர்கள் என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை பொயிலரை முழுதாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், வருடா வருடம் ஒரு பரிசோதகர் வருவார் என்றபோது அவர் கண் விரிந்தது. குழாய்களைத் தட்டிப் பார்ப்பது, சுண்ணாம்புப் படிவைக் கழுவுவது, அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கரி விலையைக் கேட்டார். வேல்ஸில் எங்களுக்குக் கரி தந்த சுரங்கம் 2023இல் மூடியதிலிருந்து எங்கள் பாதைகள் வெளிநாட்டுக் கரியைத்தான் நம்பியிருக்கின்றன என்றேன். "அப்ப உமி போட்டுப் பாருங்களன்" என்றார். அவர் முழு மனதோடுதான் சொன்னார். உமி பாரம் குறைவு, எஞ்சினின் இழுப்புக் காற்றில் எரியாமலே புகைபோக்கியால் பறந்துவிடும் என்று நாங்கள் இருவரும் ஒரு கடதாசியில் படம் கீறிப் பேசினோம்.

மதியம் அவர் வீட்டில். புழுங்கல் அரிசிச் சோறு, மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கடைசியில் தொதல். அவருடைய உம்மா வாசலில் நின்று, நான் மூன்றாவது தரம் சோறு போடும்வரை உள்ளே போகவில்லை.

நீராவி ரயில் எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டங்களில் ஒரு சிலர்தான், அவர்களும் எண்பது வயதில். நீராவியோடு தினமும் வாழ்கிறவர்களோ இந்த ஆலைகளில் நடு வயதில் இருக்கிறார்கள். ஒருவரை மற்றவருக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது ஐயாவுக்குப் போன் எடுத்தேன். "உமியில நீராவி போடுறானா? கூட்டிக்கொண்டு வாங்க அவன" என்றார்.

ஓகஸ்ட் 16, சனி. மட்டக்களப்பு

நானாவுக்கு மட்டக்களப்பில் மெசின் சாமான் வாங்கும் வேலை இருந்தது, மோட்டர் சைக்கிளில் பத்து மணிக்கே வந்துவிட்டார். காத்தான்குடியில் நிறுத்தி ஐயாவுக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் வாங்கி வந்திருந்தார். நான் இந்த முறை தயிரை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் போனேன்.

முதல் பத்து நிமிடம் இருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஐயா சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மீண்டும் தரையில் கீறினார். நானா குனிந்து பக்கத்தில் தன் பொயிலரைக் கீறினார். சுடு தண்ணீர் எங்கே சுழலும், படிவு எங்கே தங்கும், எந்தக் குழாய் முதலில் போகும் என்று இரண்டு படங்களுக்கும் நடுவில் கோடுகள் போயின. ஐயா தன் நல்ல காதை நானாவின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஓரிடத்தில் தகராறு வந்தது. தண்ணீரைப் பொயிலருக்குள் எப்படித் தள்ளுகிறீர்கள் என்று ஐயா கேட்டார். கரண்ட் பம்ப் என்றார் நானா. "கரண்ட் போனா?" "நெருப்ப இழுத்து வெளிய போட்டுருவன்." "எங்களுக்கு நெருப்ப இழுக்க ஏலாதே, காட்டுக்குள்ள நிக்கிற." அப்புறம் ஐயா இன்ஜெக்டரை விளக்கினார். நீராவியே தண்ணீரைக் கூம்புக்குள் இழுத்துக்கொண்டுபோய்ப் பொயிலருக்குள் திணிக்கிற கருவி, அதற்குள் அசைகிற பம்ப் ஒன்றும் கிடையாது. பொயிலரின் நீராவி அதே பொயிலரின் அழுத்தத்தை எப்படி வெல்லும் என்று நானா விடாமல் கேட்டார். நானும் புத்தகத்தில் படித்தும் நம்ப முடியாமல் இருந்த இடம் அது. வேகமாக வரும் நீராவி குளிர்ந்த தண்ணீரில் பட்டு ஒடுங்கும்போது தன் வேகத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது, அந்த வேகம் மறுபக்கத்தில் அழுத்தமாக மாறுகிறது. ஐயா இவ்வளவையும் சொல்லவில்லை. இரண்டு கையையும் கூப்பி, நடுவில் சின்ன இடுக்கு விட்டு, அதற்குள் ஊதிக் காட்டினார். நானாவுக்கு அது போதுமாக இருந்தது.

தெமட்டகொடவிலிருந்து ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றை ஒரு நாளைக்கு மட்டக்களப்புவரை கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்த கேள்வி. ஐயா உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். வழியில் தண்ணீருக்கு என்ன செய்வது, பவுசர் நிறுத்த எந்த ஸ்டேசனில் இடம் இருக்கும், பகலிலேயே யானைக் காட்டைத் தாண்ட எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், வறண்ட காலத்தில் பாதையோரப் புல்லில் நெருப்புப் பொறி விழாமல் எப்படிப் பார்ப்பது. "மாரிக்குள்ள வேணாம், கச்சானுக்குள்ளயும் வேணாம். மாசி கழிச்சுப் பெரும்போகம் வெட்டி முடியக் கொண்டுவாங்க. சனமும் ஓய்வா இருக்கும்." நானா தன் ஆலைப் பொடியன்கள் நாலு பேரைக் கூட்டிவருவதாகச் சொன்னார், எஞ்சின் துடைக்க. கிளீனரில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊருக்குப் போனதும் எழுத வேண்டிய கடிதங்களை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஐயா புதன்கிழமை பேசியதைப் போட்டுக் காட்டச் சொன்னார். கருவியை அவர் இடது காதோடு வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இதில பிழை. இன்ஜெக்டருக்கு முதல் ஸ்டீமத் திற, மறுகா தண்ணி எண்டு சொல்லியிருக்கன். தலைகீழ். முதல் தண்ணி, மறுகாதான் ஸ்டீம். இதக் கேட்டு ஒருத்தன் செய்தா தண்ணி பிடிக்காது, எல்லாம் வெளிய ஊத்தும். அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுங்க."

அழிக்கவில்லை, தனியாக வைத்திருக்கிறேன். ஆனால் கருவியைத் திரும்ப ஓடவிட்டேன். இந்த முறை கேள்வி கேட்டது நானா.